நீர் கேட்கும் நோய்

பொள்ளாச்சியில் கொப்பரை மண்டி வைத்திருந்த நம் மச்சான், தம் வாழ்நாளின் கடைசி மூன்றாண்டுகளில், சுபுஹுத் தொழுகை முடிந்ததும் முதற்காரியமாக மண்டிக்குச் சென்று தராசின்மேல் ஏறி நிற்பார். கொப்பரை மூட்டை நிறுப்பதற்கென்று வாங்கிய பெரிய தராசு அது. காட்டும் எடையைப் பேரேட்டின் பின்பக்கத்தில் தேதியிட்டு எழுதிக்கொள்வார். பிறகு கோவையிலிருக்கும் நம்மைத் தொலைபேசியில் அழைப்பார். "இன்னைக்கு அரைக் கிலோ வரவு, மாப்பிள்ளே" என்றால் நமக்கு நெஞ்சு கனக்கும். "முந்நூறு கிராம் செலவு" என்றால் அல்ஹம்துலில்லாஹ் என்போம். நாற்பதாண்டுகள் வாணிபம் செய்த மனிதர், வரவுக்கு வருந்தவும் செலவுக்கு மகிழவும் கற்றுக்கொண்ட காலம் அது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த கோடையில் பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னைகள் மட்டை தொங்கிக் காய்ந்து நின்றன. திடலில் கூடி மழைத் தொழுகை நடத்தியவர்களுள் மச்சானும் ஒருவர். அதே 2017ஆம் ஆண்டின் ஐப்பசியில் அவர் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வயதுக்கு வந்த தொந்தி என்றே எல்லோரும் எண்ணினோம். தொந்தி போடுகிறவருக்குக் கன்னமும் தோளும் வற்றுவானேன் என்று கேட்டவர் நம் அக்கா ஒருவர்தாம். பாதம் வீங்கி, செருப்பின் வார் பதிந்த பள்ளம் மாலை வரை மறையாதிருந்த ஒரு நாளில், அவரைக் கோவைக்கு அழைத்து வந்து மருத்துவரிடம் காட்டினோம்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவர் நல்ல மனிதர், பண்பாகவே கேட்டார்: "ஐயாவுக்குக் குடிப்பழக்கம் ஏதும் உண்டுங்களா?"

அறையில் எவரும் பேசவில்லை. அக்காவின் முகம் வெளிறியது. "எங்க வீட்டு வாசல்ல அந்த வாடையே வந்ததில்லைங்க டாக்டர்" என்றார், குரல் நடுங்க. மச்சான் தலை குனிந்து, செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்பவர்போல் அமர்ந்திருந்தார். மருத்துவர் கேட்டதில் பிழையில்லை. கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோப்பதற்குக் குடி ஒரு பெருங்காரணம். ஆனால் அது ஒன்றே காரணமன்று. மஞ்சள் காமாலைக் கிருமிகளுள் 'பி' வகையும் 'சி' வகையும் இருபது முப்பதாண்டுகள் ஓசையின்றி உடலில் தங்கி ஈரலை அரித்துவிடும். சர்க்கரை நோயும் பருமனும் கூடிய உடலில் ஈரலில் படியும் கொழுப்பும் இதே வேலையைச் செய்யும். நம் நாட்டில் வயிற்றுச் சவ்வைப் பற்றும் காசநோயாலும் நீர் சேர்வதுண்டு. ஆதலால் ஊசியால் சிறிதளவு நீரை எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே மருத்துவர் எதையும் உறுதியாகச் சொன்னார். இரத்தச் சோதனையில் தெரியவந்தது 'பி' வகைக் கிருமி. பிறப்பிலா, சிறுவயதில் ஊசிகளைச் சரிவரக் கொதிக்க வைக்காமல் குத்திய காலத்திலா, சவரக் கத்தியிலா, எங்கிருந்து வந்தது என்று இனி எவராலும் சொல்ல இயலாது.

மருத்துவர் கேட்ட அந்த ஒரு கேள்வி வீட்டை விட்டு வெளியே போய்விடக் கூடாதே என்று அஞ்சி, நாம் அனைவரும் சேர்ந்து ஒரு பெரும்பிழை செய்தோம். உறவினரிடம் "அல்சர்" என்றோம். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. மறைக்க மறைக்க ஊர்ப்பேச்சு வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. "ராவுத்தர் வெளியூர்ப் போக்குவரத்தில் என்ன செய்தாரோ!" என்று தேநீர்க் கடையில் எவரோ சொன்னது அக்காவின் காதுவரை வந்தது. அது மட்டுமா? உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். மச்சானின் தம்பிக்கு அதைச் சொன்னால் நோயின் பெயரையும் சொல்ல வேண்டும். சொல்லாமலே ஏழு மாதங்கள் ஓட்டினோம்.

இந்த நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் மகோதரம், அதாவது பெருவயிறு. யூனானி மருத்துவர்கள் 'இஸ்திஸ்கா' என்றார்கள். இப்னு சீனா (980–1037) தமது 'கானூன்' நூலில் ஈரல் நோய்களோடு சேர்த்து இதை விரித்துரைக்கிறார். வயிற்றில் நீர் தேங்கும் வகைக்கு 'இஸ்திஸ்கா ஸிக்கீ' என்று பெயர். ஸிக் என்றால் தோல்துருத்தி. கிரேக்கர்கள் இட்ட பெயரும், மேலை மருத்துவர்கள் இன்று வழங்கும் 'அசைட்டிஸ்' என்ற பெயரும் அதே தோற்பையைக் குறித்தவையே. இஸ்திஸ்கா என்றால் நீர் வேண்டுதல் என்று பொருள். நாம் மழைத் தொழுகையை எந்தப் பெயரால் அழைக்கிறோமோ அதே சொல். மழை வேண்டி நின்ற மனிதருக்கு அதே ஆண்டில் அதே பெயரில் ஒரு நோய் வந்ததை எண்ணி நாம் பல இரவுகள் உறங்கவில்லை.

அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் ஈரலின் வழியே செல்லவேண்டும். ஈரல் தழும்பேறி இறுகும்போது அந்த வழி அடைபடுகிறது. பின்னால் இருக்கும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது; குடற்பகுதிக் குழாய்கள் விரிந்து தளர்ந்து இரத்தத்தை அங்கேயே தேக்கிவைக்கின்றன. உடலின் மற்றப் பகுதிகளுக்கோ இரத்தம் குறைந்துவிட்டது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. சிறுநீரகம் அதைக் கண்டு, உடல் வறண்டுவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. ஒரு துளி உப்பையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு நின்ற இடத்தில் நீரும் நிற்கிறது. அந்த நீர் வயிற்றுக்குள் கசிகிறது. வயிற்றில் குடக்கணக்கில் நீர் நிற்க, உடலோ பஞ்சத்தில் இருப்பதாக எண்ணி இன்னும் இன்னும் நீர் வேண்டுகிறது. இஸ்திஸ்கா!

ஆகவே இதைக் கட்டுப்படுத்தும் வழி நீரைக் குறைப்பதில் இல்லை. உப்பைக் குறைப்பதில் இருக்கிறது. நாம் முதலில் தலைகீழாகச் செய்தோம். வயிற்றில் நீர் என்றதும் குடிநீரை அளந்து கொடுத்து, அந்த மனிதரை நா வறள வைத்தோம். இரத்தத்தில் சோடியத்தின் அளவு 125க்குக் கீழே இறங்கினாலன்றித் தண்ணீரைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அவர் ஒரு கணக்கும் சொன்னார். வயிற்றில் ஒரு லிட்டர் நீர் நிற்க ஏறத்தாழ ஏழரை கிராம் உப்பு வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்தினால் நீர் சேர்வது தளரும். அதற்குமேல் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று சேர்ந்தால் மாத்திரை போட்டும் பயனில்லை.

மண்டிக்காரருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. ஆனால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த நாக்குக்குக் கணக்கு புரியுமா? அரிசியும் பருப்பும் போட்டுக் கொங்கு நாட்டார் ஆக்கும் சோற்றை மச்சான் நெய் விட்டு விரும்பி உண்பார். உப்பின்றி முதல் நாள் அதைப் பரிமாறியபோது இரண்டு கவளம் உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். அக்கா அன்று எதுவும் உண்ணவில்லை. கைப்பக்குவத்துக்காகவே பெயர் பெற்றவர் அவர்; கல்யாண வீடுகளில் நெய்ச்சோற்றுத் தாளிப்புக்கு அவரைத்தான் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார்கள். மறுநாள் தொட்டு வீட்டில் எல்லோருக்கும் உப்பில்லாச் சோறு என்று அறிவித்துவிட்டார். வேண்டியவர்கள் சிட்டிகை உப்பைத் தட்டில் போட்டுக்கொள்ளலாம், பானையில் விழாது. எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், கொத்தமல்லி, பூண்டு, புளி ஆகியவற்றைக் கொண்டு அவர் நடத்திய போராட்டத்தை ஒரு தனி நூலாக எழுதலாம். ஒரு மாதத்தில் மச்சானின் நாக்கு பழகிவிட்டது. பிறகு கடைத் தின்பண்டம் எதை வாயில் வைத்தாலும் கரிக்கிறது என்பார்.

கண்ணுக்குத் தெரியாத உப்புதான் நம்மைக் கவிழ்த்தது. கோவை மாவட்டத்தில் தெருவுக்கொரு பேக்கரி உண்டு. தேநீரோடு பன்னும் பிஸ்கட்டும் தின்பது இங்கே மூன்றாம் வேளைச் சோறு. அவற்றில் உப்பும் சோடாமாவும் இருப்பதை யார் எண்ணினோம்? வயிறு பொருமினால் நீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் தூளிலும் சோடியமே. இந்துப்பு உடலுக்கு நல்லது என்று எவரோ சொல்ல, ஒரு வாரம் அதைத் தாராளமாகப் போட்டோம், அதுவும் உப்பே. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். இவர் உண்ணும் மாத்திரையோ பொட்டாசியத்தை உடலில் தேக்குவது. இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கே ஆபத்து.

அந்த மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பைரனோலாக்டோன் 100 மில்லிகிராம், அதனுடன் ஃப்ரூசமைட் 40 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கினார்கள். கால் வீக்கம் வடிந்த பிறகு நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்குமேல் எடை இறங்கக் கூடாது என்பது கட்டளை. வயிற்றுச் சவ்வு அதற்குமேல் நீரைத் திருப்பித் தராது. மீறினால் இழப்பு இரத்தத்திலிருந்து போகும். நம் மச்சானுக்கோ 'செலவு' அதிகமாக அதிகமாக உற்சாகம். எவரையும் கேளாமல் ஒரு மாத்திரை கூட்டிப் போட்டார். நான்காம் நாள் கெண்டைக்கால் தசை இழுத்து, தலை சுற்றி மண்டியிலேயே விழுந்தார். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. பத்து நாள் மருத்துவமனை. இன்னொன்று, ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுவது: அந்த மாத்திரையால் மார்பில் வீக்கமும் வலியும் வருவதுண்டு. வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது. மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும் இத்தகைய நோயாளியின் சிறுநீரகத்தை எளிதில் கெடுத்துவிடும். அக்கா தம் முழங்கால் மாத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கீழாநெல்லியைப் பற்றி வாசகர்கள் கேட்பார்கள். மச்சானும் எட்டு மாதம் அந்தப் பொடியை நம்பியவர்தாம். அந்த நம்பிக்கை ஆதாரமற்றதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், 'பி' கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி உண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் மீண்டும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. இன்று அக்கிருமியை அடக்கிவைக்க டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் உள்ளன. தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியபின் அரசு அவற்றை இலவசமாகவும் தருகிறது. எட்டு மாதத்தைப் பொடியில் போக்கியதுதான் நம் வருத்தம்.

2018இன் ரமலான் மே மாத நடுவில் வந்தது. பத்து வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்பது மச்சானின் ஒரே பெருமை. ஈரல் கெட்டவர் ஆறேழு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தாலே உடல் தன் தசையைத் தின்னத் தொடங்கிவிடும். இரவில் படுக்குமுன்கூட ஏதேனும் உண்ண வேண்டும். பருப்பு, முட்டை, பால் இவற்றைக் குறைக்கவே கூடாது என்றெல்லாம் மருத்துவர் சொல்லியிருந்தார். மச்சான் கேட்கவில்லை. மூன்று நோன்பு வைத்தார். நான்காம் நாள் ஸஹருக்கு எழ முடியவில்லை. அப்போதும், "இந்த வருஷம் நோன்பை விட்டால் அடுத்த வருஷம் இருப்பேனோ, மாட்டேனோ?" என்று அழுதார். நாம் மருத்துவரை விட்டுவிட்டு மஹல்லா இமாமிடம் ஓடினோம். அவர் வீட்டுக்கே வந்தார். அதிகம் பேசவில்லை. தீராத நோயாளிக்கு நோன்பை விடச் சலுகை தந்தவனும் அல்லாஹ்வே; அவன் தந்ததைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டார். விடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க ஏற்பாடாயிற்று.

பள்ளிவாசல் கஞ்சியில் உப்பு உண்டு. அக்கா சிறிய சட்டியில் உப்பில்லாமல் தனிக்கஞ்சி காய்ச்சுவார். பகலெல்லாம் மருந்தும் ஆகாரமும் உண்டவர், மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை அந்தக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு காத்திருந்து, எல்லோரும் வாயில் வைத்த பிறகே தாமும் குடிப்பார்.

அந்த ரமலானுக்குப் பின்னர்தான் நீர் மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போனது. மூச்சு முட்டியது, குனிந்து ஸஜ்தா செய்ய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுதார். வயிற்றின் இடப்புறத்தில் ஊசியிட்டு 6 லிட்டர் நீரை வடித்தார்கள்; ஏறத்தாழ அரைக் குடம், இளமஞ்சள் நிறத்தில். ஒரே நேரத்தில் 5 லிட்டருக்குமேல் எடுத்தால் இரத்தவோட்டம் தடுமாறும் என்பதற்காக அல்புமின் என்னும் புரதத்தை நரம்பில் ஏற்றினார்கள்; இரண்டு குப்பி, ஒவ்வொன்றிலும் 20 கிராம். குப்பி ஒன்று சில ஆயிரம் ரூபாய். "இதை ஏத்தாம விட்டா என்னங்க?" என்று கேட்ட நம்மை மருத்துவர் ஒரு பார்வை பார்த்தார். பீத்தோவன் என்ற ஜெர்மானிய இசைமேதைக்கும் இதே நோய். 1826 டிசம்பரில் வியன்னாவில் அவருக்கு முதன்முறை நீரெடுத்தபோது, பாறையை அடித்து நீர் வரவழைத்த மூஸா நபியின் நினைவு வருகிறது என்று அறுவை மருத்துவரிடம் வேடிக்கை பேசினாராம். நான்கு முறை எடுத்தார்கள். 1827 மார்ச் 26இல் இறந்தார். அன்று அல்புமினும் இல்லை, கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை. நாம் இதைச் சொன்னபோது மச்சான் சிரித்தார். மூஸா நபிக்குப் பன்னிரண்டு ஊற்று. நமக்கு ஒன்றே போதும் என்றார்.

நீர் எடுப்பதைவிட அதில் கிருமி புகுவதே கொடியது. காய்ச்சல், வயிற்றுவலி, மனக்குழப்பம் இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் விடியும்வரை காத்திராமல் கொண்டுவர வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். ஓரிரவு இஷாவுக்கு நான்கு ரக்அத் தொழவேண்டியவர் ஆறாவதுக்கு எழுந்தார். அக்கா கவனித்துவிட்டார். வேறொருவர் என்றால் வயது என்று விட்டிருப்பர். அக்கா அந்த நிமிடமே வண்டி பிடித்தார். நீரைச் சோதித்ததில் கிருமி இருந்தது. நரம்பில் மருந்தேற்றியும், மலம் கழிய லாக்டுலோஸ் பாகு கொடுத்தும் ஐந்து நாளில் தெளிய வைத்தார்கள்.

ஈரல் மாற்று ஒன்றே நிலையான தீர்வு. 1998 நவம்பரில் டில்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று தன் தந்தை அளித்த ஈரற்பகுதியால் பிழைத்தது. நம் நாட்டில் இச்சிகிச்சை முதன்முதலாகப் பலித்தது அப்போதுதான். அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகவே ஆகிவிட்டது. நம் மருமகன் தன் ஈரலைத் தர முன்வந்தான். "அத்தா, உங்க கடனைத்தான் திருப்பித் தர்றேன்" என்றான். சோதித்ததில் அவன் ஈரலிலும் கொழுப்பு படிந்திருந்தது, கூடாதென்று விட்டார்கள். மூளைச்சாவு அடைந்தோர் தரும் உறுப்புக்காகப் பதிவு செய்து காத்திருந்தோம். 2021 ஜனவரியில், வரிசை வருமுன், மச்சான் வஃபாத்தானார். குளிப்பாட்டியபோது வயிறு ஒட்டியிருந்தது. நான்கு நாள் முன்னர்தான் நீர் எடுத்திருந்தார்கள்.

மச்சானின் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். ஏழு மாதம் கழித்து அக்காதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவருக்கும் கிருமி இருந்தது. நல்லவேளையாக ஈரல் இறுகத் தொடங்கிய நிலையிலேயே கண்டுபிடித்தார்கள். தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அந்த மண்டியை இன்று அவர்தான் நடத்துகிறார்.

சென்ற மாதம் பொள்ளாச்சிக்குப் போயிருந்தோம். ரசத்தில் உப்பில்லை, சிட்டிகை உப்பு தட்டின் ஓரத்தில் இருந்தது. "இன்னுமா அக்கா?" என்றோம். அக்கா பதில் சொல்லாமல், மகள் பெற்ற பேரனின் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினார். பிறந்து 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய 'பி' ஊசியின் கட்டத்தில் தேதியும் நேரமும் இருந்தன. பிறந்த மூன்றாம் மணி நேரத்தில் போட்டிருக்கிறார்கள். செவிலி மறந்துவிடுவாளோ என்று பிரசவ அறை வாசலிலேயே நின்று கேட்டு வாங்கினாராம்.